பக்குவமும் பிராணவாயுவும்

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டிப் பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். சென்ற ஆண்டு அவ்வாறு என் கைக்கு வந்த கனியொன்றை, மார்பகப் புற்றுக்குக் கீமோ ஏற்றிக்கொண்டிருந்த அண்டைவீட்டு அக்காளிடம் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்து, "வாசனை தெரியுது தம்பி, ருசிதான் தெரியமாட்டேங்குது" என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டார். அருளே வடிவான ஈசன் இத்தனை கொடிய மருந்தின் வழியாகவா வரவேண்டும் என்ற வினா அன்று முதல் என்னை விட்டகலவில்லை.

அம்மருந்து கட்டிக்குள் எப்படிச் செல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். புற்றுக்கட்டி தறிகெட்டு வளர்கையில் அதனுள் ஓடும் இரத்த நாளங்கள் கோணலும் கசிவுமாய் அமைந்து, நாளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளாகவே பிராணவாயு தீர்ந்துபோவதால், அதற்கப்பாலுள்ள உயிரணுக்கள் மூச்சுத் திணறி, பெருகாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன. பெருகுவனவற்றையே பெரும்பாலும் தாக்கும் மருந்து அங்கே சேர்வதும் அரிது, சேர்ந்தாலும் பலிப்பது அரிது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துப் பரீட்சித்த பிளியோமைசின் என்ற மருந்தும், பிராணவாயுவின் துணையோடுதான் மரபிழையை அறுக்கிறது. புதிய நாளங்கள் முளைக்காமல் தடுத்துக் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-இல் ஆய்வாளர் ஃபோக்மன் கூறியிருக்க, கான்பூரில் பயின்று அமெரிக்கா சென்ற ராகேஷ் ஜெயின், அத்தகைய மருந்தையே அளவறிந்து கொடுத்தால் நாளங்கள் சிலகாலம் சீர்பட்டு, பிராணவாயுவும் கீமோவும் உள்ளே செல்லும் என்று 2001-இல் எழுதினார். மாய்க்க வேண்டியதற்கு முதலில் மூச்சு ஊட்டுக என்பதே இதன் தாத்பரியம்.

சைவ சித்தாந்தம் கற்றவர்க்கு இது அந்நியமான சிந்தனையன்று. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இறைவன் எடுத்த எடுப்பிலே ஒடுக்குவதில்லை. இறைவனின் மறைப்பாற்றலான திரோதான சக்தி அம்மலத்தோடு உடன்நின்று, அதைத் தொழிற்படுத்தி, பரிபாகம் என்னும் பக்குவத்தை எய்துவித்த பின்னரே சத்திநிபாதம் என்னும் அருட்பதிவு நிகழ்கிறது. மலத்துக்குத் துணைபோவதாகத் தோன்றுவதால், அவ்வருளுக்கே மலம் என்ற உபசாரப் பெயரும் வந்து சேர்ந்தது.

ஆயினும் இந்த ஒப்புமையை நோயாளியின் தலையில் ஏற்றுவது பாவம் என்றே கருதுகிறேன். காரைக்கால் அம்மையார் தசையை உதறியது தாமே வேண்டிப் பெற்றது. அக்காளின் கூந்தல் உதிர்ந்தது அவர் வேண்டியதன்று. துன்பத்தின் வடிவில் வரும் அருளைக் குறிக்கும் மறக்கருணை என்ற சொல்லைத் துன்புறுவோர் தம் வாயால் சொல்லலாம். அருகிருக்கும் நமக்கு அந்த உரிமை இல்லை.

கனி கொடுத்த மூன்றாம் நாள், காம்படி வரை கனிந்து விரலுக்கு அமுங்கிய அந்த மாம்பழத்தைப் பிழிந்து தரச் சொன்னார் அக்காள். இரண்டு மிடறு குடித்தார்.