முதல் அடி

பங்கு இளைஞர் மன்றத்துக் கேரம் பலகையில் 19 காய்களும் நடுவட்டத்தில் அடுக்கப்பட்டிருக்கும்வரை யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. ஒருவர் ஸ்டிரைக்கரைச் சுண்டியதும் காய்கள் சிதறுகின்றன. குழியில் எதுவும் விழாவிட்டால் முறை எதிராளிக்குப் போகிறது. திறந்து கிடக்கும் பலகையில் அவர் ஆடுகிறார். "காய்கள் தம் போக்கில் போயின, அதற்கு நாம் பொறுப்பா?" என்கிறார் உடைத்தவர். இந்தப் பதில் அறத்தின்முன் நிற்குமா?

முதல் அடியை எல்லா ஆட்டங்களும் ஒன்றுபோல் கருதுவதில்லை. 1875-இல் ஜபல்பூரில் தோன்றி, பின்னர் நம் அண்டையிலுள்ள உதகமண்டலக் கிளப்பில் விதிகள் பெற்றது ஸ்னூக்கர். அதைத் தொடங்குபவர் 15 சிவப்புப் பந்துகளின் ஓரத்தை மெல்ல உரசிவிட்டு, வெள்ளைப் பந்தைப் புறப்பட்ட பக்கத்திற்கே திரும்பக் கொணர்கிறார். பூல் ஆட்டத்திலோ வேகமாக உடைக்கவேண்டும். ஆயினும் தேர்ந்தவரின் முதற்கவனம் வேகமன்று. முன்னிற்கும் பந்தில் நேருக்கு நேர் மோதுவதே. அப்படி மோதினால் விசை குவியலுக்குச் செல்லும். வெள்ளைப் பந்து மேசையின் நடுவில் அடங்கும். சற்று விலகினால் அது எங்கோ ஓடிக் குழியிலும் விழக்கூடும். ஆகவே பயில்பவர் வேகத்தைக் குறைத்துக் குறியைப் பழகி, பின்பே வலிமையைக் கூட்டுகிறார்.

புனித தோமா அக்குவினா தமது இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை ஆராய்கிறார். முன்னரே அறிந்த விளைவு செயலின் நன்மை தீமையைக் கூட்டும். அறியாவிடினும், செயலின் இயல்பிலிருந்து பெரும்பாலும் பிறக்கும் விளைவும் அவ்வாறே. அரிதாய், தற்செயலாய் நேர்வது மட்டும் கணக்கில் வராது. எந்தக் காய் எங்கே போகும் என்பதை நாம் அறியோம். காய்கள் சிதறும் என்பதை அறிவோம். பயிற்சி கூடக் கூட, தற்செயல் என்று நாம் ஒதுக்கக்கூடியது குறைகிறது.

பாகப்பிரிவினைக்கு அமரும் அண்ணன் தம்பியரை எண்ணுவோம். "கிணற்றில் உனக்கு முறையே கிடையாது" என்று மூத்தவர் தொடங்குகிறார். மஞ்சள் காடு காய்கிறது. தாயின் அடக்கத்திற்குக்கூட இருவரும் சேர்ந்து நிற்பதில்லை. "இவ்வளவு தூரம் போகுமென்று நினைக்கவில்லை" என்கிறார் அவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அத்தகைய சொல் எங்கே கொண்டுபோகும் என்பதை அக்கம்பக்கத்துக் குடும்பங்களில் அவர் கண்டிருக்கிறார். புனித யாக்கோபின் திருமுகம் நாவை நெருப்புக்கு ஒப்பிடுவது இதனாலன்றோ?

அப்படியானால் வாய்மூடி இருப்பதே புண்ணியமா? அன்று. தங்கைக்குரிய பங்கு மறைக்கப்படும்போது குவியலை உடைத்தே ஆகவேண்டும். நம் ஆண்டவரும் ஆலயத்தில் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார். அத்தகைய வேளையில் முன்மதி என்னும் நற்பண்பு நம்மிடம் இரண்டு கேட்கிறது: சொல் ஆளைத் தாக்காமல் அநீதியில் நேராகப் படவேண்டும், சொன்னபின் நாம் ஓடிவிடாமல் நடுவில் நின்று, சிதறியவற்றைச் சேர்க்கும் பணியிலும் பங்கேற்கவேண்டும். இவ்விரண்டுக்கும் நாம் ஆயத்தமில்லையெனில், அன்று பேச்சைத் தொடங்காமல் செபத்தில் அமர்வது நலம்.