பந்தித் தடுப்பு

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எதைப் பற்றிக் கேள்வி எழுப்பினாலும் கடைசியில் ஒரு பதில் வந்து நிற்கும்: அது அவரவர் நம்பிக்கை. மறுக்க முடியாத வாக்கியம்தான். ஆனால் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. விடியற்காலையில் செருப்பில்லாமல் மலை சுற்றும் ஒரு கிழவி சொன்னால் அதற்கு மேல் பேச எனக்கு உரிமையில்லை. நிலமும் கட்டடமும் விதிகளும் உள்ள ஒரு ஸ்தாபனம், எந்த ஸ்தாபனமானாலும் சரி, அதையே சொல்லும்போது தனக்கு உரியதல்லாத ஒரு மரியாதையை அந்தக் கிழவியிடமிருந்து கடன் வாங்குகிறது.

ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ரமணர் காலத்தில் பந்தியின் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. ஆச்சாரம் பார்க்கும் பிராமணர்கள் ஒரு பக்கம். மற்ற ஜாதியார், வெள்ளைக்காரர்கள், ஆச்சாரத்தைப் பொருட்படுத்தாத பிராமணர்கள் இன்னொரு பக்கம். ரமணர் இரு சாராருக்கும் தெரியும்படி உட்கார்ந்து எல்லோருக்கும் போட்டதையே சாப்பிட்டார். ஆர்தர் ஆஸ்பர்ன் போன்ற பக்தர்களே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆச்சாரத்தை விடு என்றோ வைத்துக்கொள் என்றோ அவர் யாரையும் வற்புறுத்தவில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இந்தத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பையன் அன்றைக்கே பூணூலைக் கழற்றி எறிந்தான். பிறகு விரூபாக்ஷ குகையில் இருந்த வருஷங்களில், ஊருக்குள் பிச்சை எடுத்து வந்த சோற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து இருந்தவர்கள் பகிர்ந்து தின்றார்கள். யார் வீட்டுச் சோறு என்று அதில் பிரிக்க முடியாது. தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்தபோது கூடவே மடியும் வந்தது. வெங்காயம் மோட்சத்துக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று மகன் அவரைக் கேலி செய்ததைச் சரித்திரக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கேலி முக்கியமாகப் படுகிறது. ஒரு மனுஷியின் நம்பிக்கை அது. அவருக்குச் சோறு போட மறுக்கவில்லை, கும்பிட்டு ஒதுங்கவும் இல்லை. பக்கத்தில் இருந்துகொண்டே சீண்டினார். மரியாதையில் இப்படியும் ஒரு வகை உண்டு. 1922ல் தாயார் இறந்து, மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் எழும்பி, தம்பி நிரஞ்சனானந்தர் சர்வாதிகாரி என்ற பட்டத்தோடு நிர்வாகம் செய்யத் தொடங்கினார். அந்தப் பெரிய கூடத்தில் ஆச்சாரம் ஒருவருடைய பழக்கமாக இல்லை. தடுப்பாக நின்றது. கேலி செய்ய முடியாதது.

தனியாகச் சாப்பிட வேண்டும் என்று நினைப்பவர் தன் இலையை எடுத்துக்கொண்டு தனியாகப் போகலாம். அது அவர் விரதம், சிரமம் அவருடையது. ஸ்தாபனம் தடுப்பு வைத்துக்கொடுத்தால் விரதத்தின் பாரம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தலையில் இறங்குகிறது. அவன் எதையும் நம்பவில்லை, பசித்து வந்தவன். அவனுக்கு ‘மற்றவர்’ என்று ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

இதே பந்திப் பிரச்சினை சேரன்மாதேவியில் வெளிப்படையாக வெடித்தது. வ.வே.சு. ஐயரின் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்பி ஐயாயிரம் கொடுத்திருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகச் சாப்பிட்டார்கள்; பெற்றோர் கேட்டுக்கொண்டது, ஐயர் வாக்குக் கொடுத்தது. தனிப்பட்ட முறையில் ஐயர் ஜாதி பார்த்தவரில்லை. ஆனாலும் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராவும் விடவில்லை. சரியாகவே செய்தார்கள். அவர்கள் கேட்டது ஐயரின் மனசைப் பற்றியல்ல, பந்தியைப் பற்றி. 1925ல் ஐயர் பொறுப்பை விட்டார். அந்த வருஷமே ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டார்.

குருகுலம் பொதுப்பணத்தில் நடந்தது, ஆசிரமம் விரும்பி வந்தவர்கள் கூடிய இடம், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபணை. இதற்கு ஆசிரமத்தின் வழக்கு ஒன்றே வெளிச்சம் தருகிறது. முன்பு நிர்வாகம் பார்த்த பெருமாள்சாமி, பொறுப்பு தனக்கே உரியது என்று கோர்ட்டுக்குப் போனார். 1936ல் ஆசிரமத்துக்கே வந்து ரமணரிடம் சாட்சியம் எடுத்தார்கள். எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, நான்கையும் கடந்த அதியாசிரமி என்றார் அவர். சந்நியாசிக்குச் சொத்து இருக்க முடியாது, அதியாசிரமிக்கு அந்தத் தடை இல்லை; கோர்ட்டுக்கு அது போதும். 1938ல் உயிலும் எழுதப்பட்டது. சொத்து என்று வந்தால் ஸ்தாபனம் தன்னை ஸ்தாபனமாகவே முன்வைக்கிறது. உயிலும் வக்கீலும் வேண்டியிருக்கிறது. தடுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் அது எப்படி யாரோ ஒருவரின் அந்தரங்கமாகிவிட முடியும்?

விமரிசனம் செய்பவர்கள் எல்லோரும் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. பெருமாள்சாமிக்கு வேண்டியிருந்தது நிர்வாகம். அது கிடைக்காதபோது ரமணரையே தூற்றிப் புத்தகம் போட்டார். நம் பகுத்தறிவாளர்களில் சிலர் கிழவியைக் கிண்டல் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். அது சுலபம், கிழவிக்கு வக்கீல் இல்லை.

அண்ணாமலை சுவாமி வேறு மாதிரி. ஆசிரமக் கட்டடங்கள் பலவற்றை முன்நின்று கட்டியவர், 1938ல் அடுத்தாற்போலிருக்கும் பலாக்கொத்துக்குத் தனியாக இருக்கப் போய்விட்டார். 1995ல் இறக்கும்வரை ரமணர்தான் அவருக்குக் குரு. சர்வாதிகாரியோடு நடந்த பிணக்குகளை, யார் எந்தச் சுவரை எங்கே கட்டச் சொன்னார்கள் என்பதுவரை, நினைவுகளில் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார். டேவிட் காட்மன் தொகுத்த அந்தப் புத்தகத்தைப் பக்தர்கள் இன்றும் பக்தி நூலாகவே படிக்கிறார்கள்.