அடைத்த இன்டரப்டைத் திறந்து விடுங்கள்

பொந்தியானில் பிறந்து, ஸ்கூடாய்க்கோ பாரிட் ராஜாவுக்கோ படிக்கப் போய், இன்று கருவிகளுக்கு டிரைவர் எழுதும் பிள்ளைகளே, கேளுங்கள். நீங்கள் இன்டரப்டை அடைக்கிறீர்கள். அடைத்ததைத் திறக்கத் தாமதிக்கிறீர்கள். அந்தத் தாமதத்தில் உங்கள் வேலை கெடுவதில்லை. பக்கத்து டிரைவரின் வேலை கெடுகிறது. அதனால்தான் உங்களுக்கு அது உறைப்பதில்லை. அதனால்தான் நான் இத்தனை பதற்றத்தோடு வந்து நிற்கிறேன்.

அடைப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கரையோரப் பாரிட் கால்வாய்களின் வாயில் மதகு இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கடல் ஏறும்போது அடைக்காவிட்டால் உப்புநீர் தோட்டத்துக்குள் வரும். கடல் வற்றிய பிறகும் அடைத்தே கிடந்தால் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் அதே தோட்டம் மூழ்கும். எவ்வளவு நேரம் அடைத்தோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. இரண்டு ரெஜிஸ்டர்களை இடையூறில்லாமல் அடுத்தடுத்து எழுத வேண்டுமா? அடையுங்கள், எழுதுங்கள், உடனே திறந்து விடுங்கள்.

ஒரு பைட்டுக்கு எவ்வளவு அவகாசம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? சீரியல் போர்ட்டில் 115200 வேகத்தில் ஒரு பைட் வந்து சேர 87 மைக்ரோசெகண்ட். பழைய 8250 சில்லில் வந்த பைட் காத்திருக்க ஒரே இடம்தான். எடுக்க ஆள் வராமல் அடுத்தது வந்துவிட்டால் முந்தையது அழிந்தது. பின்னால் வந்த 16550-இல் 16 பைட்டுக்கு இடம் உண்டு. அதுவும் 1.4 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும்.

1990-களில் லினக்ஸின் ஐடிஇ டிஸ்க் டிரைவர், தன் தரவை எடுத்து முடிக்கும்வரை மற்ற இன்டரப்டுகளை அடைத்து வைப்பதே வழக்கமாக இருந்தது. பிஐஓ 0 முறையின் வேகம் விநாடிக்கு 3.3 மெகாபைட். ஒரே மூச்சில் 16 செக்டர், அதாவது 8 கிலோபைட், எடுத்தால் ஏறக்குறைய 2.5 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் சீரியல் போர்ட் வாசலில் 28 பைட் வந்து நிற்கும், இடமோ பதினாறுக்கு. டிஸ்க் டிரைவர் தன் கடமையைக் குறையில்லாமல் முடித்தது. மோடத்தில் கோப்பு இறக்கிக்கொண்டிருந்தவரோ டெலிபோன் லைனைத் திட்டினார். மார்க் லார்டின் எச்டிபார்ம் கருவியில், டிஸ்க் வேலை நடக்கும்போதே மற்ற இன்டரப்டுகளைத் திறந்து விட ஒரு தேர்வு இருந்தது. அதைப் போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: ஆர்இசட்1000, சிஎம்டி640 போன்ற கோளாறான கன்ட்ரோலர்களில் திறந்து விட்டால் டிஸ்க்கில் உள்ள கோப்புகளே நாசமாகக்கூடும். அடைத்தவர்கள் அத்தனை பேரும் சோம்பேறிகள் இல்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்று தள்ளிவிடாதீர்கள். இன்று வாலிட் குருவி வீட்டில் ஈரப்பதம் பார்க்க அர்டுயினோவில் டிஎச்டி11 சென்சரைப் பூட்டுகிறீர்கள். அது 40 பிட் அனுப்பி முடிக்கச் சுமார் 4 மில்லிசெகண்ட். அதுவரை இன்டரப்டை அடைத்துவிட்டு வாசிக்கிறீர்கள். அர்டுயினோ ஊனோவின் நேரக்கணக்கு 1.024 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் டைமர் இன்டரப்டில் ஓடுகிறது. காத்திருக்கும் அழைப்பைக் குறித்துவைக்க அந்தச் சில்லில் இருப்பதோ ஒரே ஒரு பிட். டைமர் மூன்று நான்கு முறை கூப்பிட்டாலும் ஒருமுறை கூப்பிட்டதாகத்தான் பதிவாகும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை வாசித்தால், ஒரு நாளில் உங்கள் நேரக்கணக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். யார் திருடியது? வெளியாள் எவரும் இல்லை.

லினக்ஸ் டிரைவரில் இன்னும் கொடியது ஒன்று உண்டு. இன்டரப்டை அடைத்துவிட்டு, கருவி தயாராகட்டும் என்று லூப்பில் சுற்றி நிற்பது. கருவி தயாராகாமலே போனால்? 'ஜிஃபீஸ் பார்த்து டைம்அவுட் வைத்திருக்கிறேன்' என்பீர்கள். ஜிஃபீஸை நகர்த்துவதே டைமர் இன்டரப்ட்தானே! ஒற்றை ப்ராசசர் போர்டில் அதையும் அடைத்துவிட்ட பிறகு எந்த நேரம் நகரும், எந்த டைம்அவுட் முடியும்? அங்கே நிற்பது உங்கள் லூப் மட்டுமா? கீபோர்டும் நெட்வொர்க்கும் உங்களோடு சேர்ந்து நிற்கின்றன. இத்தனை முறைதான் பார்ப்பேன் என்று எண்ணிக்கை வையுங்கள். எண்ணிக்கை தீர்ந்தால் தோல்வி என்று சொல்லி வெளியே வாருங்கள்.

அடைத்த இடத்தில் தூங்காதீர்கள். 'ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்' என்று கர்னலே உங்களைக் கண்டிக்கும். அடைத்த இடத்தில் சீரியல் கன்சோலுக்குச் செய்தி அச்சிடாதீர்கள். 115200 வேகத்தில் 80 எழுத்து போய்ச் சேர 7 மில்லிசெகண்ட். பிழை கண்டு பாதியில் ரிட்டர்ன் ஆகும்போது திறக்க மறக்காதீர்கள். உங்களை அழைத்தவர் முன்பே அடைத்திருந்தால் அவருக்குத் தெரியாமல் திறந்துவிடாதீர்கள். முன்பிருந்த நிலையைச் சேவ் செய்து, வாங்கியபடியே ரிஸ்டோர் செய்யுங்கள். அடைத்துவிட்டோம், இனி யாரும் தொட முடியாது என்றும் நம்பாதீர்கள். எல்லாப் ப்ராசசர்களிலும் ஒரே கட்டளையில் அடைக்கும் பழைய வழியை 2002-இலேயே கர்னலில் இருந்து எடுத்துவிட்டார்கள். இன்று நீங்கள் அடைப்பது உங்கள் ப்ராசசரை மட்டும். பக்கத்துக் கோர் அதே ரெஜிஸ்டரில் கை வைத்துக்கொண்டிருக்கும். ஸ்பின்லாக் இல்லாத இடத்தில் காவலே இல்லை.

வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்டரப்ட் வந்தால் ஒப்புக்கொண்டு, அவசரமானதை மட்டும் வாசித்து, மீதியைத் த்ரெட்டிடம் ஒப்படைக்கும் வசதி 2009-இலேயே கர்னலில் வந்துவிட்டது. அடைப்பு நேரத்தைக் குறைப்பதற்காகவே 2004 முதல் உழைத்த ரியல்-டைம் பேட்ச், 2024-இல் 6.12 பதிப்பில் மூலக் கர்னலோடு சேர்ந்தது. அவர்கள் மைக்ரோசெகண்டுகளை மீட்க 20 ஆண்டு பாடுபட்டார்கள். நாம் ஒரே லூப்பில் அவற்றைக் கொட்டிவிடுகிறோம்.

தொலைந்ததற்குக் கணக்கும் இருக்கிறது. பைட்டுகள் தவறிய தடவைகளைச் சீரியல் டிரைவர் ஓவர்ரன் என்று எண்ணி வைக்கிறது. ஐஆர்கியூஸ்ஆஃப் ட்ரேசர், அதிக நேரம் அடைத்து வைத்த ஃபங்ஷனைப் பெயரோடு காட்டுகிறது. அந்தப் பட்டியலில் நம் பிள்ளைகள் எழுதிய வரி நிற்கலாமா?

ஆகவே இன்றிரவே, அடுத்த ரிலீசுக்குக் காத்திராமல், உங்கள் டிரைவர் கோடைத் திறந்து உட்காருங்கள். அடைக்கும் ஒவ்வொரு வரிக்கும் திறக்கும் வரியைத் தேடுங்கள். இரண்டுக்கும் இடையே அதிகபட்சம் எத்தனை மைக்ரோசெகண்ட் என்று அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த எண்ணை எழுத முடியாத டிரைவரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.