வாசலில் ஒரு காவல்

லட்சத்தீவு, அந்தமான் போன்ற பவளக் கடல்களின் மணற்பரப்பில் ஒரு விந்தையான கூட்டுக் குடித்தனம் நடைபெறுகிறது. விரல் நீளமே உள்ள உளுவை மீனும் ஓர் இறாலும் ஒரே வளையில் வாழ்கின்றன. மணலைத் தோண்டி வளை அமைப்பதில் இறால் ஓயாத உழைப்பாளி. ஆனால் அதற்குப் பார்வை மிகக் குறைவு. கூரிய பார்வையுள்ள உளுவை வாசலில் காவல் இருக்கிறது. மணலை வெளியே தள்ள வரும்போது, இறால் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் உடல்மீது வைத்துக்கொள்கிறது. பகை நெருங்கினால் மீன் வாலைச் சிலிர்க்கும். அக்கணமே இறால் உள்ளே பின்வாங்கிவிடும். ஆபத்து மிகுந்தால் மீனும் வளைக்குள் பாயும். நூற்றுக்கும் மேற்பட்ட உளுவை இனங்கள் இவ்வாறு வாழ்கின்றன.

மீன் செய்வது சேவையா? அதற்கு வீடு வேண்டும். அதனால் காவல் காக்கிறது. மனித உறவுகளும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்தானா?

பரஸ்பர நன்மையை இழிவாக எண்ண வேண்டியதில்லை. வீடும் ஊரும் அதன்மீதே நிற்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மீன் தனக்காகவே அஞ்சுகிறது. அந்த அச்சமே இறாலுக்கு எச்சரிக்கையாகிறது. அதன் நலமும் காவலும் ஒன்றே. மனித வாழ்வில் இவை இரண்டும் பிரியும் வேளை வருகிறது. தர்மம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் முழுப் பொருள் கிடைக்கிறது.

1961 ஜூலையில், புனே நகருக்கு மேலே புதிதாக எழுந்திருந்த பான்ஷெட் அணை அமிழத் தொடங்கியது. ராணுவ வீரர்கள் இரவு முழுவதும் அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினர். 12-ஆம் தேதி காலை அணை உடைந்தது. கடக்வாஸ்லா அணையும் உடைந்து, நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. எனினும் உடைப்பு நள்ளிரவில் நேராமல் விடிந்தபின் நேர்ந்ததால் பலர் உயிர் தப்பினர். கீழே உறங்கிக்கொண்டிருந்தவர்களை அவ்வீரர்கள் அறியார்கள். அணைமேல் நின்றவர்களுக்கு அங்கிருந்து விலகுவதே லாபம். இருந்தும் அவர்கள் நின்றார்கள்.

முதிய பெற்றோர், நோயாளி, மாணவன் என நம்மை நம்பிச் சிலர் நம்மீது கை வைத்திருக்கிறார்கள். அவர்களால் நமக்குப் பயன் இருக்கும்வரை காவல் எளிது. அதை மீனும் செய்கிறது. பயன் தீர்ந்தபின்னும் வாசலை விட்டு அகலாதிருப்பதே மனிதனுக்கு உரிய சேவை.