நிலைக்கால் தந்தவர்

சொக்கநாதர் என்றதும் நம் நெஞ்சம் மதுரைக்குச் செல்லும். பெங்களூர்த் தொம்மலூரிலோ சொக்கநாதசுவாமி என்ற பெயரோடு விளங்குபவர் திருமால்! கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்கின்றன. ஒக்கலிபுரத்தில் வாழும் நம்மவருள் அக்கோயிலைக் கண்டோர் சிலரே. நவரங்க மண்டபம் விஜயநகரப் பாணியில் அமைந்தது. கோயிலோ அதனினும் பழமை வாய்ந்தது. போசள இராமநாதன் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. பெங்களூரிலேயே பிறந்த லூயிஸ் ரைஸ், 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் இவ்வட்டாரக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார்.

பிழைக்க வந்தவர் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்தவர் நாம். ஆகவே, “எழுநூறு ஆண்டுகட்கு முன்பே தமிழ் இங்கே இருந்தது” என்று மார்தட்டத் தோன்றுவது இயல்பே. ஆயினும், கல்லைச் சான்றுக்கு அழைத்தால் எல்லாக் கல்லையும் அழைக்க வேண்டும் அன்றோ? பேகூரிலுள்ள பழங்கன்னடக் கல்வெட்டு ஏறத்தாழ 890ஆம் ஆண்டினது. பெங்களூர் என்னும் பெயரையே சுமந்து நிற்பது. முந்தியவர் யார் என்னும் வழக்கில் தொம்மலூர்க் கல் நமக்குத் துணை வாராது.

அக்கல் சொல்வதுதான் என்ன? ஒன்று, ஊர் வருவாயில் ஒரு பகுதி இறைவனுக்கு விடப்பட்டதைச் சொல்கிறது. மற்றொன்று, ஒருவர் இரண்டு நிலைக்கால்கள் தந்ததைச் சொல்கிறது. அவ்வளவே. கோபுரம் அன்று, மண்டபம் அன்று. வாயிலின் இருபுறத்துக்கு இரண்டு கற்கள்! ஊர் எமது என்று அவர் எழுதவில்லை. கொடுத்ததை மட்டும் எழுதினார்.

இடைக்கால இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களிலும் இத்தகைய முறை இருந்தது. பலிபீடப் பகுதியைப் பேணுவது குருவின் கடமை. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பேணுவது ஊராரின் கடமை. கூரை ஒழுகினால் ஊரார்தாம் பொருள் திரட்ட வேண்டும். கம்பளி வணிகத்தில் செழித்தோர் பக்கக் கூடமும் கோபுரமும் எழுப்பினர். எனவேதான் அவை பல தலைமுறைகளின் கைவேலையாய், ஒரு பக்கம் ஒரு பாணியும் மறுபக்கம் வேறு பாணியுமாய் நிற்கின்றன. தொம்மலூரும் அப்படித்தான் வளர்ந்தது.

ஒரூரில் உரிமை, வந்த நாளால் வருவதா, ஏற்ற பொறுப்பால் வருவதா? பொறுப்பால் என்பதே நம் துணிபு. இதில் நமக்கொரு கூச்சமும் உண்டு. சொந்த ஊர்க் கோயில் குடமுழுக்குக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறோம். நம் தெருப் பள்ளியின் கூரையை நிமிர்ந்து பார்த்தோமா?

தொம்மலூர்க் கோயிலுக்கு நாம் சென்ற அன்று, வரிசையில் எமக்கு முன்னே ஒரு கன்னடக் குடும்பம் நின்றது. “அந்த எழுத்து என்ன சொல்கிறது?” என்று முதியவர் கேட்டார். நிலைக்கால் தந்த செய்தியைச் சொன்னோம். அவர் வாயிற்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே சென்றார்.