தெருவிளக்குக்கு ஒரு பொன்னாடையா?

இளைஞர்களே, இந்த முறை தத்துவத்தைக் கோவிலில் தேடாமல் எங்கள் தாமானின் பின் சந்தில் தேடப் போகிறேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இரண்டு தெருவிளக்குகள் நான்கு மாதங்களாக எரியவில்லை. வீட்டுக்கு வீடு புலம்பல். "கவர்மெண்டு எங்க பாக்குது?" என்று கோப்பிக் கடையில் பேசினோம், புலனக் குழுவில் கோபமான முகங்களை அனுப்பினோம். ஒருநாள் என் மனைவி கேட்டார்: "அந்தக் கவுன்சிலரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சொன்னேன். கோவில் நிர்வாகத்தின் வழியாக எனக்கு அறிமுகமான நகராண்மைக் கழக உறுப்பினர் அவர். ஒரே ஒரு குரல் பதிவுதான் அனுப்பினேன். மூன்றாம் நாள் லாரி வந்தது, அன்று இரவே விளக்கு எரிந்தது. அடுத்த மாதக் கோவில் திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். மேடையில் அவர் பெயரை அழைத்தது நான்தான். படம் முகநூலில் ஏறியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

எங்களுக்கு அடுத்த சந்தில் ஒரு சீன மூதாட்டி இருக்கிறார். பழைய அட்டைப்பெட்டிகளைச் சேகரித்து விற்பவர். திருவிழா முடிந்து நான் நடந்து வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் மாவுக்கட்டு. இருட்டில் தள்ளுவண்டியின் சக்கரம் லோங்கானில் இறங்கி, அதோடு அவரும் விழுந்துவிட்டார். அவர்கள் சந்திலும் விளக்கு இல்லை. பேரன் மூன்று முறை புகார் கொடுத்துவிட்டானாம். அவர் எங்கள் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்?"

அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் யாருடைய பொருளையும் திருடவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை. பிறகு ஏன் உறுத்துகிறது?

இதைப் பற்றி ஒரு தம்பியிடம் பேசினேன். அவன் சிரித்தான். "என்னண்ணே, இதுக்குப் போயி! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்களுக்குக் கேபிள் இருக்கு, யூஸ் பண்ணீங்க. எல்லா இனத்தாரும் அதைத்தான் செய்றாங்க."

நியாயமான பேச்சு போலத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தப் பேரனும் அழுதான், அதுவும் மூன்று முறை. நான் அழுதது ஒரே ஒரு முறை. அப்படியானால் அழுகையினால் பால் கிடைக்கவில்லை. யாருடைய காதில் அழுதோம் என்பதுதான் வித்தியாசம். எனக்கு அந்தக் காது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இதில் என் தகுதி என்று எதுவும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்தேன். தெருவிளக்கு யாருடைய பணம்? வீட்டுக்கு ஆண்டில் இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். நம் பெரியவர்கள் வாசல் வரி என்பார்கள். குப்பை, லோங்கான், விளக்கு எல்லாவற்றுக்கும் அந்தப் பணமும் சேர்ந்துதான் செலவாகிறது. கடையில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறோம். கடைக்காரர் மூட்டையை எடுத்துக் கொடுத்தால் "நன்றி" என்று சொல்வது பண்பு. அவர் கழுத்தில் மாலை போட்டு, "எங்களுக்கு அரிசி தந்த வள்ளலே" என்று மேடையில் புகழ்ந்தால் சிரிக்க மாட்டார்களா? அதைத்தான் நாம் செய்கிறோம். நமக்கு உரியதை யாரோ கொடுத்த தானமாக மாற்றி வாங்கிக்கொள்கிறோம்.

நன்றி வேறு, நன்றிக்கடன் வேறு. நன்றி சொன்னவன் நிமிர்ந்து நிற்கலாம், கடன்பட்டவனால் முடியாது. நாளைக்கே எங்கள் தாமானின் விளையாட்டுத் திடலில் அடுக்குமாடி கட்டத் திட்டம் வந்தால், நான் யாரை எதிர்த்துக் கேள்வி கேட்பேன்? பொன்னாடை போர்த்திய கையால் ஆட்சேபக் கடிதம் எழுத வருமா? இரண்டு விளக்குக்காக என் வாயை நானே அடமானம் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் ஊராட்சி மன்றங்களுக்கு மக்களே வாக்களித்த காலம் ஒன்று இருந்தது. 1951-இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957-இல் அந்நகரம் மாநகரானது. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன், நம்மவர். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கிய செனட்டர் ஆதி நாகப்பனும் நம்மவர்தான். தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் நியமன முறையையே நிலைப்படுத்தியது. இன்றுவரை தீபகற்பத்தில் கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். கோலாலம்பூரின் டத்தோ பண்டாரும் நியமனம்தான்.

நம் வாக்கால் வராதவரை நம் வாக்கால் மாற்றவும் முடியாது. ஆகவே உரிமையோடு கேட்பதை விட்டு, தெரிந்தவர் மூலம் கெஞ்சிக் கேட்கும் பழக்கம் மெல்ல மெல்ல ஊறிவிட்டது. இதற்கு நம் பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். அலுவலகத்தில் மலாயில் எழுதிய பாரத்தைப் பார்த்தாலே பயந்தவர்கள் பலர். அவர்களுக்குத் தெரிந்த ஒரே கதவு நம் ஆள் ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் பல குடும்பங்களுக்குப் பிறப்புப் பத்திரம்கூடக் கிடைத்திருக்காது. அன்றைக்கு அது உயிர் பிழைக்கும் வழி. ஆனால் நீங்கள் அந்த நிலையில் இல்லை. தேசிய மொழி உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாரம் உங்களைப் பயமுறுத்தாது.

நம் சமயம் இதற்கு ஏதாவது சொல்கிறதா? மனுநீதிச் சோழன் கதையைச் சிறு வயதிலேயே கேட்டிருப்பீர்கள். திருவாரூர் அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியது. இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. அரசன் சொந்த மகனையே தேர்க்காலில் இட்டான். நாம் எப்போதும் அரசனின் தியாகத்தைப் பேசிவிட்டுக் கதையை முடித்துவிடுவோம். எனக்கு இப்போது அந்த மணியின் மேல்தான் கண். பசுவுக்கு எந்த அமைச்சரையும் தெரியாது. அதற்கு அரண்மனையில் கேபிள் இல்லை. கயிறு அதற்கு எட்டும்படி வாசலிலேயே தொங்கியது, அவ்வளவுதான். அந்த ஊரில் அரசனைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தனிக் கதவு ஒன்று இருந்திருந்தால், மணி நாளடைவில் துருப்பிடித்திருக்கும். யாரும் அதைப் பழுதுபார்த்திருக்க மாட்டார்கள். வேண்டியவர்களுக்குத்தான் வேலை நடக்கிறதே!

நான் அனுப்பிய குரல் பதிவு அந்தத் தனிக் கதவு. என்னைப் போன்றவர்கள் எல்லாம் அதன் வழியே போவதால்தான், பேரன் அடிக்கும் மணி யாருக்கும் கேட்கவில்லை.

அப்படியானால் தெரிந்தவரிடம் கேட்கவே கூடாதா? விளக்கு இல்லாமல் யாராவது விழுந்தாலும் பரவாயில்லை, நான் மட்டும் சுத்தமாக இருப்பேன் என்பது தர்மம் இல்லை. அது வீம்பு. கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்கிறோம், யாருக்காகக் கேட்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. நான் எனக்கே வைத்துக்கொண்ட சில விதிகளைச் சொல்கிறேன்.

முதலில், புலம்பல் புகார் ஆகாது. புலனத்தில் வரும் கோபம் இரவோடு போய்விடும். யார் கட்டியது, யார் பொறுப்பு என்று தெரியாமல் செய்தியைத் தட்டிவிடுவதும் அப்படித்தான். சாலை, கால்வாய், விளக்கு எல்லாம் ஒரே அலுவலகத்தின் கையில் இல்லை. பொறுப்பு யாருடையது என்று கேட்டு, தேதி, இடம், படத்தோடு எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, என் வீட்டுக்கு என்று கேட்பதில்லை. பக்கத்துச் சந்தையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவது. மொழி தெரியாதவர், வாடகைக்கு இருப்பவர், வெளிநாட்டுத் தொழிலாளி, இவர்கள் விழும் பள்ளமும் பள்ளம்தான்.

மூன்றாவது, கவுன்சிலரைத் தெரிந்தால் அதே புகார் எண்ணைத்தான் அவரிடமும் கொடுப்பது. "எனக்காகப் பாருங்கள்" என்று கேட்பதில்லை. "இந்தப் புகார் ஏன் நான்கு மாதமாகத் தூங்குகிறது?" என்று கேட்பது. தனிக் கதவைத் திறக்கச் சொல்வதற்குப் பதிலாக மணியைப் பழுதுபார்க்கச் சொல்வது. நல்ல கவுன்சிலருக்கு இது பலம்தான், அவருக்கும் அலுவலகத்தில் பேச ஆதாரம் கிடைக்கிறது.

நான்காவது, போய்ப் பார்ப்பது. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காதவரை அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது போய் உட்கார்ந்திருக்கிறோம்? நானும் போனதில்லை. இந்த ஆண்டு போகிறேன்.

18 வயதானவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2021 டிசம்பர் முதல் உங்களுக்கும் வாக்கு உண்டு. கவுன்சிலரை நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அவரை நியமிக்கும் மாநில அரசாங்கம் உங்கள் வாக்கில்தான் நிற்கிறது. "எங்கள் கவுன்சிலரை எந்த அடிப்படையில் நியமிப்பீர்கள்?" என்று ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்தப் பேரனோடு உட்கார்ந்து, இரண்டு சந்துக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினோம். அவனுடைய மூன்று புகார்களின் எண்களையும் குறிப்பிட்டோம். இருபத்தோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பிரதியைக் கவுன்சிலரிடம் நேரில் கொடுத்தேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் வாங்கிக்கொண்டார். இதை எழுதும்போது அந்தச் சந்தில் ஒரு விளக்கு எரிகிறது. இன்னொன்று இன்னும் இல்லை. மாதம் ஒரு முறை கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மூதாட்டிக்கு மாவுக்கட்டு அவிழ்த்துவிட்டார்கள். "யாரிடம் சொன்னீர்கள்?" என்று அவர் மறுபடியும் கேட்டால், இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: உங்கள் பேரன் சொன்ன அதே இடத்தில்தான், ஆன்ட்டி.

அடுத்த திருவிழாவுக்குப் பொன்னாடை வாங்கும்போது, அது நன்றிக்கா, கடனுக்கா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், தம்பி தங்கைகளே.