இறக்கி வைத்த புகழ்

ஈட்டிய புகழை வேண்டும்போது இறக்கி வைக்க அறிந்தவர் அரியர். நடனக் கலைஞரும் நடிகையுமான ஸோரா சேகல் அவர்களுள் ஒருவர்.

1912-இல் சகாரன்பூரில் பிறந்த அவர், பெண்டிர் திரைமறைவில் வாழ்ந்த குடியிலிருந்து செருமனியின் டிரெஸ்டன் நகர் சென்று மேரி விக்மனின் பள்ளியில் நடனம் பயின்றார். 1935-இல் உதயசங்கரின் நடனக் குழுவிற் சேர்ந்து நாடுகள் பல கண்டார். கணவரோடு லாகூரில் நிறுவிய நடனப் பள்ளியை, சமயப் பகைமை முற்றிய நாளில் துறந்து பம்பாய் சேர்ந்தார். பிருதிவிராஜ் கபூரின் நாடகக் குழுவோடு 14 ஆண்டுகள் ஊர்தோறும் சென்று நடித்தார்.

1959-இல் கணவர் மறைந்தார். 1962-இல், இரு மக்களுக்குத் தாயாய், ஐம்பது அகவையில் நாடகக் கல்வி உதவித்தொகை பெற்று அவர் இலண்டன் சென்றபோது, அந்நகரில் அவருடைய பழைய பெயருக்கு மதிப்பேதும் இல்லை. மேடையேறும் பிறருக்கு உடை அணிவிக்கும் பணியையும் ஏற்றார். வறுமை கற்பித்த பணிவு இது என்பர் சிலர். வறுமை பெரும்பாலோர்க்குக் கசப்பையே கற்பிக்கிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. முன்பு வகித்த இடத்தை உலகம் நமக்குப் பட்ட கடனாகக் கருதி, அது திரும்பாத இடத்தில் உழைக்க மறுப்பதே நம்மில் பலருடைய வழக்கம். அவரோ சிறு வேடங்களை மறுக்காமல், உடலையும் குரலையும் பயிற்சியில் நிறுத்தி வாழ்ந்தார். 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொலைக்காட்சித் தொடரில் லேடி சட்டர்ஜி என்னும் வேடம் அவரைப் பரவலாக அறியச் செய்தது 1984-இல். இலண்டன் சேர்ந்து 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தனை காலம் பயிற்சியைக் கைவிடாதிருக்கத் திறமை மட்டும் போதாது, ஒழுக்கமும் வேண்டும்.

பிருதிவிராஜ் குழுவின் முதன்மை நடிகையாய் விளங்கிய, ஸோராவின் தங்கை உஸ்ரா, பாகிசுத்தானில் குடியேறியிருந்தார். அவ்விருவருக்கெனவே எழுதப்பட்ட 'ஏக் தீ நானி' நாடகம் 1993-இல் லாகூரில் அரங்கேறியது. நாட்டெல்லையால் பிரிந்த இரு முதிய சகோதரியரின் கதையில், முதுமை எய்திய உடன்பிறந்தார் இருவரும், ஸோரா முன்பு பள்ளி நடத்திய அதே ஊரில், ஒரே மேடையில் நின்றனர். அக்காளுக்கு அப்போது அகவை 81.

அதன் பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. 2007-இல் வெளியான 'சீனி கம்' திரைப்படத்தில் அமிதாப் பச்சனுக்குத் தாயாக நடித்தார். 2014-இல் 102 அகவையில் மறைந்தார்.